திலகாவின் மெழுகுப் பில்லைகள்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்திலிருந்து ஏழேகால் வண்டி கிளம்புவதற்குள் திலகா கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவி, நகக்கண்ணில் ஒட்டியிருக்கும் மெழுகை நோண்ட ஆரம்பித்துவிடுவார். வலது கட்டைவிரலில் தொடங்கினால், வண்டி வெங்கச்சேரி பாலம் ஏறும்போது இடது சுண்டுவிரலுக்கு வந்திருப்பார். நோண்டிய மெழுகைக் கீழே உதறுவதில்லை. அன்றைய டிக்கெட்டில் வைத்து மடித்து, காஞ்சிபுரத்தில் இறங்கியதும் குப்பைத்தொட்டியில் போடுவார். முந்தின நாள் மாலையே சோப்பும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்த கைதான். "வூட்ல எத்தினி தேச்சாலும் போவாது. பஸ்ஸு ஆடுற ஆட்டத்துல ஊசி பட்டாத்தான் வரும்" என்பார்.

புடவையில் ஏறியிருக்கும் வாடையும் அப்படித்தான். பெட்ரோலும் நகப்பூச்சும் கலந்தது போன்ற ஒரு வாடை. ஆய்வுக்கூடத்தில் மெழுகைக் கரைக்கப் பயன்படுத்தும் ஜைலீனுடையது. மாகறலில் ஏறுகிற கூட்டம்கூடப் பக்கத்தில் உட்கார யோசிக்கும். "டீசல் ஒழுவுதோன்னு கீழ எறங்கி பாத்தேன், கடைசில நீதானாக்கா" என்று நடத்துநர் ஒருமுறை சொன்னபோது வண்டியே சிரித்தது. திலகாவும் சிரித்தார். "ஒருத்திக்கு ரெண்டு சீட்டு. ராணி கணக்கா போறேன், உனக்கு இன்னா?"

திலகாவுக்கு நாற்பத்தாறு வயது. காஞ்சிபுரத்தில் ஒரு மருத்துவமனையின் நோயியல் பிரிவில் உதவியாளர். அறுவை சிகிச்சையில் எடுக்கிற சதைத்துணுக்கை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயம் ஏற்றி, உருப்பெருக்கியில் பார்த்துத்தான் நல்லதா கெட்டதா என்று டாக்டர்கள் எழுதுவார்கள். சீவியது போக மிஞ்சும் மெழுகுத் துண்டை எறியக்கூடாது. என்றைக்காவது மறுபடி தேவைப்படலாம். பாதித் தீப்பெட்டி அளவுள்ள அந்தத் துண்டுக்கு டாக்டர்கள் சொல்லும் பெயர் பாரஃபின் பிளாக். திலகாவுக்கு அது பில்லை. இரண்டாம் மாடியின் மேற்கு மூலையில், இரும்பு பீரோக்களின் இழுப்பறைகளில், எண் வரிசைப்படி நாற்பதாயிரம் பில்லைகள் அவருடைய பொறுப்பில் இருக்கின்றன.

புதிதாகப் படிக்க வந்த டாக்டர்கள் யாராவது இழுப்பறையைப் படாரென்று அறைந்து சாத்தினால் திலகாவுக்குப் பொறுக்காது. "மெதுவா மூடுப்பா. உள்ள ஆளுங்க கீறாங்க."

மேற்கு மூலை என்பதால் வெயில் நேராக அடிக்கும். அக்கினி நட்சத்திர நாட்களில் மின்சாரம் போய்விட்டால் மெழுகு இளக ஆரம்பிக்கும். சன்னலில் நனைந்த கோணிகளைத் தொங்கவிட்டு, காய்ந்ததும் மறுபடி நனைக்க வேண்டும். அதனால் அந்த நாட்களில் அவர் விடுப்பு எடுப்பதில்லை. போன வருஷம் தங்கை மகள் கல்யாணம் சரியாக அந்த வாரத்தில் வந்தது. முகூர்த்தம் முடிந்ததும் பந்தியில் உட்காராமல் பட்டுப்புடவையோடு பேருந்து ஏறி வந்து கோணிகளுக்குத் தண்ணீர் தெளித்தார். தங்கை இரண்டு மாதம் பேசவில்லை. "பேசாட்டி போவுது. அவ கோவம் எறங்கிடும். மெழுவு எறங்குனா ஏறுமா?"

அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். திலகாவும் பத்தாவது முடித்த கையோடு நடவுக்குப் போனார். பிறகு மருத்துவமனையில் தரை துடைக்கும் வேலை கிடைத்தது. ஒருநாள் ஒரு டாக்டர் ஏதோ ஒரு பில்லையை இரண்டு மணி நேரமாகத் தேடிக்கொண்டிருந்தார். தரையைத் துடைத்தபடியே வந்த திலகா, "நாலாவது பீரோ, கீழ்வரிசை, பின்னாடி பாருங்க சார்" என்றார். அங்கேதான் இருந்தது. துடைக்கும்போது குனிந்த வாக்கில் எண்களைப் படித்துக்கொண்டே போவது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. "நடவு நட்டவ சார். வரிசை தப்புனா கண்ணு உறுத்தும்" என்று அன்று சொன்னதோடு துடைப்பம் கையைவிட்டுப் போனது. அது ஆயிற்று பதினாறு வருஷம்.

கட்டட வேலைக்கு சென்ட்ரிங் அடிக்கப் போகும் கணவர் வேதகிரிக்கு இதில் ஒரு தீராத குறை உண்டு. "நாப்பதாயிரம் பில்லைய கண்டுபுடிக்கிற. எஞ் சாவி எங்க கீதுன்னு மட்டும் சொல்ல மாட்ற" என்று தினமும் காலையில் வீட்டைத் தலைகீழாகப் புரட்டுவார். "சாவிக்கு நம்பர் போடு, சொல்றேன்" என்பார் திலகா.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் டாக்டர் ஜாஹிரா அந்தப் பிரிவில் வந்து சேர்ந்தார். ஒல்லியான, வேகமாக நடக்கிற பெண். வந்த மூன்றாம் மாதம் ஒரு பட்டியலோடு பில்லை அறை வாசலில் நின்றார்.

"திலகாக்கா, மூக்குக் கட்டி எல்லாம் வேணும். ஒன்பது வருஷத்துது. மொத்தம் அறுபத்திரண்டு."

"எல்லா மூக்கும் ஒரே நேரத்துலயா? இன்னாத்துக்கு மேடம்?"

எதற்கு என்று கேட்டால் ஜாஹிரா நின்று சொல்லக்கூடியவர். மூக்குக்குள்ளும் அதை ஒட்டிய சைனஸ் அறைகளிலும் ஒருவகைக் கட்டி வளரும். கெட்டதில்லை. எடுத்துவிட்டால் போயிற்று. ஆனால் சிலருக்குத் திரும்பவும் முளைக்கும். நூறு பேரில் ஐந்திலிருந்து பத்து பேருக்குள் என்றாவது ஒருநாள் அது புற்றுநோயாக மாறிவிடும். யாருக்கு மாறும் என்று வழக்கமான சாயத்தில் பார்த்தால் தெரியாது, எல்லாம் ஒரே மாதிரி சாதுவாக இருக்கும். மாறப்போகிற கட்டியின் அணுக்களில் ஏதாவது ஒரு புரதம் முன்கூட்டியே அடையாளம் காட்டுமா? அதைத்தான் ஜாஹிரா தேடினார். அந்தப் புரதம் இருக்கிற அணுக்களை மட்டும் பழுப்பாக்குகிற ஒரு சாயம் உண்டு. பழைய பில்லைகளைச் சீவி அந்தச் சாயத்தை ஏற்ற வேண்டும். அதே ஆட்கள் இன்று எப்படி இருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஏதாவது தெரியலாம்.

இரண்டாம் நாள் மாலைக்குள் அறுபத்தொரு பில்லைகள் மேசைக்கு வந்துவிட்டன. ஒன்று மட்டும் இல்லை. எட்டு வருஷத்துக்கு முந்தைய எண். அது இருக்க வேண்டிய இடத்தில் விரல் நுழையும் ஓர் இடைவெளிகூட இல்லாமல் மற்றவை நெருக்கி நின்றன. திலகா நான்கு நாள் தேடினார். "ஓடியா போவும்? காலா கீது அதுக்கு?" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். மூன்றாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டில் குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டார். வேதகிரி மோர் ஊற்றிச் சாப்பிட்டார்.

ஐந்தாம் நாள் கிடைத்தது. ஏதோ ஒரு கோடையில் இளகி, வேறொரு பில்லையின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிளேடால் பதமாகப் பிரித்து, உள்ளங்கையில் ஏந்தி ஜாஹிராவிடம் கொண்டுபோனார். "எட்டு வருசமா யாரோ ஒருத்தர் பித்தப்பைய கட்டிப் புடிச்சிக்கினு கெடந்துச்சி மேடம்." முகம் மலர்ந்திருந்தது.

பத்து நாள் கழித்து ஜாஹிரா அவரைக் கூப்பிட்டார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய உருப்பெருக்கி ஒன்று அங்கே உண்டு. முதலில் வேறொருவருடைய தகட்டைக் காட்டினார். திலகா கண்ணை வைத்து நிதானமாகப் பார்த்தார்.

"பாவாட ஓரத்த உள்ளாற மடிச்சி தெச்ச மாதிரி கீது மேடம்."

"அதேதான். வெளிய வளராம உள்பக்கமா மடிஞ்சு வளரும். பழுப்பு தெரியுதா?"

"அங்கங்க. கேவுரு ரெண்டு மூணு செதறுன மாதிரி."

ஜாஹிரா தகட்டை மாற்றினார். "இது நீங்க நாலு நாள் தேடுனது."

திலகா குனிந்தவர் கொஞ்ச நேரம் நிமிரவில்லை. அதே மடிப்புகள். ஆனால் மடிப்புக்கு மடிப்பு பழுப்பு. கேழ்வரகு மூட்டையே அவிழ்ந்து கொட்டிவிட்டது மாதிரி. "யாரு மேடம் இது?"

சடையப்பன். அப்போது வயது நாற்பத்தொன்று. ராஜகுளம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒரு வருஷம் ஒழுங்காக வந்தவர், அப்புறம் வரவில்லை. கைப்பேசி எண் உபயோகத்தில் இல்லை. போட்ட இரண்டு கடிதங்களும் திரும்பி வந்துவிட்டன.

"அப்ப இது கேன்சரா?"

"இல்ல. மாற வாய்ப்பு அதிகமோன்னு ஒரு சந்தேகம். அந்தச் சந்தேகம் சரியா தப்பான்னு கண்டுபிடிக்கத்தான் இந்த ஆராய்ச்சியே. ஆனா பார்த்துட்டேனே, சும்மா இருக்க முடியல."

"ராஜகுளம் இன்னா அமெரிக்காவா? சனிக்கெழம எனக்கு லீவுதான். போய் பாத்துட்டு வரேன் மேடம்."

ஜாஹிரா துறைத்தலைவரிடம் அனுமதி வாங்கி, ஒரு கடிதத்தையும் எழுதிக் கொடுத்தார். இரண்டு நிபந்தனை போட்டார். கேன்சர் என்ற வார்த்தையை எடுக்கக்கூடாது. பயமுறுத்தி இழுத்துக்கொண்டு வரக்கூடாது. "பரிசோதனைக்கு ஒருதடவை வந்துட்டுப் போகச் சொல்லுங்க. அவ்வளவுதான்."

ராஜகுளத்தில் அந்த முகவரி ஒரு பழைய அரிசி ஆலைக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் ஒன்று. ஆலை மூடிக் கிடந்தது. வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் துணி உலர்த்திக்கொண்டே சொன்னார்: "சடையப்பனா? சளி புடிச்ச மாதிரியே பேசுவாரே, அவரா? மில்லு மூடுனதும் பொண்டாட்டி ஊருக்கு பூட்டாரு. திருமுக்கூடலாண்ட."

அதற்கடுத்த சனிக்கிழமை திலகா திருமுக்கூடலில் இறங்கினார். பெருமாள் கோயிலைத் தாண்டி ஆற்றோரமாகக் கேட்டுக்கொண்டே நடந்ததில், குத்தகை நிலத்தில் வெண்டை போட்டிருக்கும் சடையப்பனின் வீடு கிடைத்தது. வாசலில் அவர் மனைவி எல்லம்மாள் வெண்டைக்காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். பம்புசெட்டிலிருந்து சடையப்பன் வந்தார். உயரமான ஆள். வாய் திறந்தே இருந்தது. நடந்து வந்ததற்கு அவ்வளவு மூச்சு வாங்கக்கூடாது.

"யாருப்பா டீ?" என்றார்.

டீ வேண்டுமா என்று கேட்கிறார் போலிருக்கிறது என்று திலகா நினைத்தார். வேண்டாம் என்று தலையாட்டிய பிறகுதான் உறைத்தது. அவர் கேட்டது "யாரும்மா நீ?" மூக்கு முற்றாக அடைத்தவர்களுக்கு 'ம' எல்லாம் 'ப' ஆகிவிடும், 'ந'வும் 'ன'வும் 'ட' ஆகிவிடும். சடையப்பனுக்கு அப்படித்தான் ஆகியிருந்தது. அவர் பேசியதை நேராக்கியே இனிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மருத்துவமனையிலிருந்து வருகிறேன் என்றதும் சடையப்பனின் முகம் மாறியது. "எனக்கு ஒண்ணுமில்லம்மா. ஆத்தோரம், பனி. சளி புடிச்சிக்கினு கீது. மருந்து ஊத்துறேன், வுடுது."

"எத்தினி வருசமா ஊத்துறாரு தெரியுமாக்கா?" என்று எல்லம்மாள் எழுந்துபோய்க் கட்டிலுக்கடியிலிருந்து ஒரு யூரியா கோணியை இழுத்து வந்து வாசலில் சாய்த்தார். விரல் நீளச் சொட்டுமருந்து பாட்டில்கள். கோணியில் கால்வாசி. "ராத்திரில கொறட்ட. பக்கத்து வூட்டு நாயி கொலைக்குது."

"ஏய், சும்மா இரு" என்ற சடையப்பன் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். அதற்குள் ஆதார் அட்டை, குடும்ப அட்டை, கூடவே ஒரு காகிதம். லேமினேஷன் செய்திருந்தார். "படிச்சி பாரும்மா. கேன்சர் இல்லன்னு இங்கிலீஷ்ல எழுதி, டாக்டரு கையெழுத்து போட்டுக்கீது. இதுக்கு மேல இன்னா?"

எட்டு வருஷத்துக்கு முந்தைய ஆய்வறிக்கை. திலகா அதில் படித்தது மேல்மூலையிலிருந்த எண்ணை மட்டும்தான். பித்தப்பையைக் கட்டிக்கொண்டு கிடந்த அதே எண். கடிதத்தில் மட்டுமே பழகிய ஒருவரை நேரில் பார்ப்பது போலிருந்தது அவருக்கு.

"அண்ணா, இந்த நம்பரு எங்கிட்ட கீது."

"எது?"

"உம் மூக்குலருந்து எடுத்தாங்களே, அது. மெழுவுல வச்சி எட்டு வருசமா நாதான் பாத்துக்கினு கீறேன்."

சடையப்பன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "என் மூக்கு ஒங்கிட்டயா கீது?" எல்லம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வெண்டைக்காய்க் கூடையைக் கீழே வைத்துவிட்டார்.

சிரிப்பு அடங்கியதும் சடையப்பன் தலையைப் பலமாக ஆட்டினார். "வேணாம்மா. போன தடவ துணிய வச்சி அடைச்சாங்க. ரெண்டு நாளு கழிச்சி இழுத்தாங்க பாரு, கெணத்துல கயிறு இழுக்குற மாதிரி வந்துக்கினே கீது. மண்டைக்குள்ள கீறதெல்லாம் வந்துட்டுச்சோன்னு நெனச்சேன். இனிமே அந்த பேஜாரு வேணாம். பேப்பர்ல தெளிவா எழுதிக்கீது."

திலகா உறையிலிருந்த ஆதார் அட்டையை எடுத்தார். படத்தில் கன்னங்கரேலென்ற தலைமுடியோடு ஓர் ஆள் விறைப்பாகப் பார்த்தார். "இது யாருண்ணா?"

"நாந்தான்."

"சர்க்காரு குடுத்தது. பொய் இல்ல. ஆனா இப்ப இப்படியா கீற?"

சடையப்பனின் கை நரைத்த தலைக்குப் போனது.

"அந்தப் பேப்பரும் அப்படித்தாண்ணா. எழுதுன அன்னிக்கு அது நெஜம்."

பம்புசெட்டில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பிறகு சடையப்பன், மனைவியைப் பார்க்காமல், திலகாவைப் பார்த்துக் கேட்டார். "கேன்சரா?"

அந்த வார்த்தையைத் திலகா எடுக்கவில்லை, அவரேதான் எடுத்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லம்மாளின் முகம் தெளிந்துவிடும். மனிதர் வராமலும் இருந்துவிடுவார்.

"எனக்குத் தெர்யாதுண்ணா. டாக்டரம்மாவுக்கும் தெர்யாது. தெரிஞ்சிருந்தா லெட்டர்லயே எழுதியிருப்பாங்க. தெர்லன்றதாலதான் ஆளே வந்துகீறேன்."

சடையப்பன் லேமினேஷன் காகிதத்தை வேட்டியில் துடைத்து உறைக்குள் வைத்தார். வைத்துவிட்டுக் கேட்டதைத் திலகா எதிர்பார்க்கவில்லை.

"அத பாக்கலாமா?"

"எத?"

"எங்கிட்டருந்து எடுத்தத."

"வாண்ணா. வந்தா உங் கையிலயே குடுக்குறேன்."

"கேட்டுக்கினியாக்கா? மூக்க பாக்க காஞ்சிவரம் போறாராம்" என்றார் எல்லம்மாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்ததால் வந்த தண்ணீரா, வேறா என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை வெள்ளைச் சட்டையும் கரை வேட்டியுமாக, பெண் பார்க்க வந்தவரைப் போலச் சடையப்பன் மனைவியோடு பில்லை அறைக்கு வந்தார். திலகா ஒரு வெள்ளைத்தாளை விரித்து, அதன்மேல் பில்லையை வைத்தார். சடையப்பன் அதை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெழுகுக்குள் வெளிறிய ஒரு புள்ளி.

"இத்துனூண்டா? இதுக்கா அத்தினி துணி வச்சி அடைச்சாங்க?" ஏமாந்தவர் போல் சொன்னார். பிறகு திருப்பி வைக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

அங்கிருந்து கீழ்த்தளத்துக்குப் போனார்கள். மூக்குக்குள் குழாய்க் கேமராவை விட்டுப் பார்த்ததில், இடதுபக்கம் முழுக்கக் கட்டி திரும்ப வளர்ந்து, நடுத்தண்டை வலதுபக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். அடுத்த வாரமே அறுவை சிகிச்சை.

எடுத்த சதை, ஏழு பில்லைகளாக்குவதற்காகத் திலகாவின் பிரிவுக்கு வந்தது. ஏழிலும் எண் எழுதியது அவர்தான். நூற்றுக்கணக்கில் எழுதுகிற கைதான். ஆனாலும் அன்று ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை சரிபார்த்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வார்டுக்குப் போவார். மூக்கில் பஞ்சோடு படுத்திருக்கும் சடையப்பன் புருவத்தை உயர்த்துவார். முடிவு வந்துவிட்டதா என்று அர்த்தம். "மருந்துல ஊறிக்கினு கீதுண்ணா" என்பார் முதல்நாள். "மெழுவுல போட்டாச்சி" என்பார் மறுநாள். "சீவிட்டாங்க" என்பார் அதற்கு மறுநாள். அதற்கடுத்த நாள் தகடுகள் ஜாஹிராவின் மேசைக்குப் போய்விட்டது அவருக்குத் தெரியும். அன்று வார்டுக்குப் போகவில்லை. டிபன் டப்பாவையும் திறக்கவில்லை. ஏற்கெனவே துடைத்திருந்த பீரோக்களை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

நான்கு மணிக்கு ஜாஹிராவே மாடியேறி வந்தார்.

"ஆறு பில்லை சாதாரணம்தான். ஒண்ணுல, ஒரே ஓர் இடத்துல, மாற ஆரம்பிச்சிருக்கு."

திலகாவின் கையிலிருந்த துணி நின்றது.

"ஆனா மேல்தோல் அளவுலயே நிக்குது. கீழ இறங்கல. சுத்தி இருக்கிற ஓரமெல்லாம் சுத்தமா இருக்கு. முழுசா எடுத்தாச்சு. இப்போதைக்கு வேற வைத்தியம் வேண்டாம்னு சொல்றாங்க. மூணு மாசத்துக்கு ஒருதடவை கேமரா விட்டுப் பார்த்துக்கிட்டே இருக்கணும்."

திலகா அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் நிற்கும்போது அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. "அப்ப உங்க சந்தேகம் சரியா பூடுச்சி மேடம்."

"ஒருத்தரை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுக்கா. இதே அளவு பழுப்பு இருந்த இன்னொருத்தர் ஏழு வருஷமா நல்லாத்தான் இருக்கார். பழுப்பே இல்லாத ஒருத்தருக்கு மாறியிருக்கு. இன்னும் நிறையப் பேரைப் பார்த்தாத்தான் இந்த அடையாளத்தை நம்பலாமா வேண்டாமான்னே தெரியும்."

"இன்னும் எத்தினி பேரு தகவலு வரல?"

"ஒன்பது பேர்."

"அட்ரஸ் குடுங்க."

சடையப்பனுக்கு விஷயத்தை ஜாஹிராவே விளக்கினார். அவர் பொறுமையாகக் கேட்டார். எல்லம்மாள் அவர் கையைப் பிடித்திருந்தார். டாக்டர் போன பிறகு சடையப்பன் திலகாவிடம் கேட்டார்: "இந்தப் பேப்பரயும் லேமினேஷன் போட்டுடட்டுமா?"

"வேணாம்ணா. மூணு மாசத்துக்கு ஒருக்கா உனக்கு புதுசு வந்துக்கினே இருக்கும்."

இது நடந்து ஒன்றரை வருஷமாகிறது. சடையப்பன் ஒரு தவணையும் தவறியதில்லை. வரும்போதெல்லாம் ஒரு மஞ்சள் பை நிறைய வெண்டைக்காய் வரும். இப்போது அவருக்கு 'ம' நன்றாக வருகிறது. அது அவருக்கே பிடித்துப் போய்விட்டது போல. "திலகாம்மா, வரேம்மா, போறேம்மா, சொல்லும்மா" என்று தேவையில்லாத இடத்திலெல்லாம் போடுவார். "ஒரு அம்மா போதும்யா" என்று எல்லம்மாள் முழங்கையால் இடிப்பார்.

வெண்டைக்காய்ப் பை மாலை வண்டியில் திலகாவின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து உத்திரமேரூருக்குப் போகும். வேதகிரிக்கு அதில் பொரியல்தான் பிடிக்கும். "உம் பில்லைங்கள்ளயே எனக்கு இந்த ஒருத்தரத்தான் புடிச்சிக்கீது" என்று தட்டை நீட்டுவார்.

மற்ற ஒன்பது பேரைத் தேடுவது இன்னும் முடியவில்லை. விடுமுறைச் சனிக்கிழமைகளில் சோற்றைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். வேதகிரிக்கு வேலை இல்லாத நாளானால் பைக்கில் கொண்டுபோய் விடுவார். இதுவரை ஐந்து பேர் கிடைத்திருக்கிறார்கள். ஒருவர் வயதாகி வேறு காரணத்தில் இறந்துவிட்டார். மூன்று பேர் நன்றாக இருக்கிறார்கள். இன்னொருவர், செங்கல்பட்டுப் பக்கம் மளிகைக்கடை வைத்திருப்பவர், அடுத்த மாதம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வேறு யாராவது போகட்டுமே, உங்களுக்கு ஓய்வு வேண்டாமா என்று ஜாஹிரா கேட்டதற்கு, "எல்லாரும் எங்கிட்ட இருந்தவங்கதான மேடம். போய் பாத்தா இன்னா?" என்றார்.

போன சனிக்கிழமை திருப்புட்குழிக்குப் போனார். பட்டியலில் ஆறாவது பெயர் பெஞ்சமின். தையல்காரர், இப்போது வயது ஐம்பத்தெட்டு இருக்கும். விசாரித்துக்கொண்டு அந்தத் தெருவுக்குள் நுழைந்தபோது காலை பத்து மணி. பச்சை வண்ணம் பூசிய வீட்டுக்குள் தையல் எந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. வாசலில் ஓர் அம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அவர் மடியோரம் ஒரு பூனை படுத்திருந்தது. உள்ளேயிருந்து ஓர் ஆண்குரல் என்னவோ சொல்ல, அந்த அம்மாள் முறத்தை நிறுத்தாமலே பதில் சொல்லிச் சிரித்தார்.

திலகா நான்கு வீடு தள்ளி நின்றார். கழுத்தில், வேலை நாளின் பழக்கத்தில் மாட்டிக்கொண்டு வந்துவிட்ட அடையாள அட்டை தொங்கியது. சிவப்பு நாடா முழுக்க மருத்துவமனையின் பெயர் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. மருத்துவமனை என்றதும் சடையப்பனின் முகம் மாறியது நினைவுக்கு வர, அவர் அதைத் தலைவழியே கழற்றினார். நாடாவை அட்டையின்மேல் சுற்றிச் சுற்றிப் பையின் அடியில், சோற்று டப்பாவுக்குக் கீழே வைத்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்த வீட்டை நோக்கி, அவசரமில்லாதவர் போல் நடந்தார்.